சுண்ணாம்புக் கலயம்: சேலத்தில் ஈஸ்டுக்குத் தடை போட்ட கதை

ஒரே பனைமரம். ஒரே பாளை. அதிலிருந்து சொட்டுவதும் ஒரே சாறுதான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது தெளுவு. தடவாவிட்டால் இறங்குவது கள். சேலம், நாமக்கல் பக்கம் பதநீரைத் தெளுவு என்றுதான் சொல்வார்கள். தெளுவைக் குழந்தைக்கும் கொடுக்கலாம். கள்ளை இறக்கினால் வழக்குப் பாயும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பும் சில மணி நேரமும்தான்.

இந்த ஒரு விரல் சுண்ணாம்பைச் சட்டத்தின் எல்லைக்கோடாக மாற்றிய மாவட்டம் சேலம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதராஸ் மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் எல்லாம் அன்றைக்குச் சேலத்துக்குள் அடக்கம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் செய்தி இது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிரும், பல்லாயிரம் மரமேறிகளின் பிழைப்பும், நாம் இன்று கடையில் வாங்கும் பில்லில் இருக்கும் வரியும் ஒளிந்திருக்கின்றன.

முதலில் ஈஸ்ட் பற்றிக் கொஞ்சம்

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை. சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளும். எடைக்கணக்கில் பார்த்தால் தின்ற சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹால், பாதி வாயு. அவ்வளவுதான் அதன் வேலை. இதைச் செய்வது ஒரு உயிர்தான் என்று 1850களின் கடைசியில் நிறுவியவர் பிரான்ஸின் லூயி பாஸ்டர். 1883ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். இன்று வெளிநாடுகளில் வீட்டில் பொழுதுபோக்காக பீர் தயாரிப்பவர்கள் பாக்கெட்டில் வாங்கும் ஈஸ்ட்டுக்கு மூலம் அந்த ஆராய்ச்சிதான்.

பீர் தயாரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பார்லியில் இருப்பது மாவு. ஈஸ்ட் மாவைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். அதனால் பார்லியை முளைகட்ட வேண்டும். பிறகு அதைக் காயவைத்து, உடைத்து, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால்தான் மாவு சர்க்கரையாகும். அதை வடித்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதன் பிறகே ஈஸ்ட் சேர்க்க வேண்டும். வேண்டாத கிருமி புகுந்தால் புளித்துக் கெட்டுவிடும். சூடு கூடினால் வாடை மாறிவிடும். ஏல் வகை பீருக்கு 20 டிகிரி பக்கத்திலும், லாகர் வகைக்கு அதைவிடக் குளிராகவும் இருக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் இதற்கெல்லாம் எங்கே போவது?

கள்ளின் கதை இதற்கு நேர் எதிர். பனஞ்சாறு பாளையிலிருந்து வரும்போதே சர்க்கரைதான், நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு இருக்கும். முளைகட்ட வேண்டாம், கொதிக்கவைக்க வேண்டாம், ஈஸ்ட் வாங்க வேண்டாம். காற்றிலும் பாளையிலும் ஈஸ்ட் இருக்கிறது. நேற்றுக் கட்டிய கலயத்தின் மண்டியில் இன்னும் நிறைய இருக்கிறது. வெயிலோ நுரைப்பதற்கு ஏற்ற வெயில். காலையில் சொட்டியது மத்தியானத்துக்குள் போதை தரும். மறுநாளைக்கு மேல் போனால் வேறு பாக்டீரியாக்கள் புகுந்து, ஆல்கஹால் காடியாக மாறிவிடும்.

பீர் தயாரிப்பவருக்கு ஈஸ்ட்டை ஒழுங்காக வேலை செய்ய வைப்பது பெரும்பாடு. பனையேறிக்கு அது வேலை செய்யாமல் தடுப்பதுதான் பெரும்பாடு. அதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த வழி சுண்ணாம்பு. ஈஸ்ட்டுக்கு லேசான புளிப்புத்தன்மை பிடிக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் அது முடங்கிப்போகும். பாஸ்டர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே கலயத்துக்குள் நடந்த ஈஸ்ட் மேலாண்மை இது!

வீட்டுச் சாடியும் அரசனின் விருந்தும்

"நமக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பார்க்கலாம். அரிசிக் கூழை ஆறவைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து மது எடுக்கும் முறை அதில் படிப்படியாக வருகிறது. முளைத்த தானியம், ஆறவைத்தல், மூடிவைத்துக் காத்திருத்தல் என்று எல்லாமே பீரின் செய்முறைதான், பார்லிக்குப் பதிலாக நெல். அந்தப் பாட்டு காஞ்சிப் பக்கத்தைப் பற்றியது. பழைய சேலம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு சாட்சி வேண்டுமென்றால் தகடூர் இருக்கிறது, அதாவது இன்றைய தர்மபுரி. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில் முதலில் நினைவுக்கு வருவது அவனுடைய கள்தான். கொஞ்சம் கிடைத்தால் எனக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் சேர்ந்து குடிப்போம் என்று அழுகிறார் அந்தப் பெண்பாற் புலவர்.

பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நொதிக்கவைப்பது ஒரு காலத்தில் வீட்டு வேலையாகவும் ஊர் வேலையாகவும் இருந்தது. இட்லி மாவு புளிப்பதைப் போல அதுவும் அடுப்படிக் காரியம்தான். அது எப்போது அரசாங்கத்தின் காரியம் ஆனது என்பதுதான் இங்கே கேள்வி.

மரத்துக்கு நம்பர் போட்ட வெள்ளைக்காரன்

பிரிட்டிஷ் ஆட்சி கள்ளைத் தடை செய்யவில்லை. அதைக் காசாக்கியது. 1886ஆம் ஆண்டு மதராஸ் அப்காரிச் சட்டத்தின் கீழ், லைசென்ஸ் இல்லாமல் கள் இறக்குவது குற்றம். கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி. வரி கட்டிய மரத்துக்கு அடையாள எண். கடைகளை ஆண்டுதோறும் ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவன் போட்ட காசை எடுக்க வேண்டுமே? நிறைய விற்றால்தான் அவனுக்கு லாபம். மக்கள் எவ்வளவு குடிக்கிறார்களோ அவ்வளவு அரசாங்கத்துக்கும் லாபம்! 1930களில் மாகாண வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்காரியிலிருந்துதான் வந்தது.

வெள்ளைக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய பீரை எங்கே காய்ச்சினார்கள்? சமவெளியின் சூடு ஒத்துவராது என்பதால் நீலகிரி போன்ற மலைகளுக்கும் பெங்களூருக்கும் போனார்கள். 1915ல் தாமஸ் லெயிஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து பீர் ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். சேலத்துச் சமவெளிக்கு ஏற்றது கள், மலைக்குளிருக்கு ஏற்றது பீர் என்று ஈஸ்ட் அன்றைக்கே முடிவு செய்துவிட்டது.

தாதம்பட்டித் தோப்பும் திருச்செங்கோட்டுப் பத்திரிகையும்

கள்ளின் இன்னொரு பக்கத்தையும் பார்க்காவிட்டால் இந்தக் கதை நியாயமாக இருக்காது. நாள் முழுவதும் உழைத்த கூலியைக் கடையில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு போனவர்கள் ஏராளம். அடியும் பட்டினியும் பெண்களின் தலையில்தான் விடிந்தன. காங்கிரஸ் கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்ததற்கு அரசியலோடு இந்த வேதனையும் காரணம். 1921ல் ஈரோட்டு மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். அந்தக் காலத்தில்தான் சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் 500 தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்ததாகச் சொல்வார்கள். கள் இறக்கப் பயன்பட்டுவிடக் கூடாது என்பதற்காக!

ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925ல் திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இன்று அது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. கதர் நூற்பதும் தீண்டாமை ஒழிப்பும் போலவே மதுவிலக்கும் ஆசிரமத்தின் முக்கிய வேலை. 1929ல் அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தது. மதுவிலக்குக்காகவே நடத்தப்பட்ட பத்திரிகை அது. அதில் ராஜாஜிக்கு உதவியாக இருந்தவர் பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி. பத்து இதழ்களோடு அது நின்றுபோனது. 1937 ஜூலையில் ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனார். அன்றைக்கு முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். பதவியேற்று மூன்று மாதம் ஆவதற்குள் சேலத்தில் கடைகள் மூடப்பட்டன. தான் நன்கு அறிந்த மாவட்டத்திலேயே முதல் சோதனையைச் செய்தார் அவர்.

சட்டத்தின் பார்வையில் ஒரு கலயம்

கடையை மூடுவது சுலபம், ஒரு பூட்டு போதும். மரத்தை எப்படி மூடுவது? பாளையைச் சீவினால் சாறு வரத்தான் செய்யும். அதை நம்பித்தான் மரமேறியின் குடும்பம் இருக்கிறது. அரசு கண்ட வழி, கள்ளுக்குப் பதில் தெளுவு இறக்கி வெல்லம் காய்ச்சுங்கள் என்பதுதான். அதற்கு உரிமம் உண்டு, கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கப்பட்டன. நிபந்தனை ஒன்றுதான், கலயத்தில் சுண்ணாம்பு இருக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கள் இறக்குவதற்கு மரமும் அரிவாளும் கலயமும் போதும். வெல்லம் காய்ச்ச அகலமான பாத்திரம் வேண்டும், விறகு வேண்டும், மணிக்கணக்காக அடுப்பருகே நிற்க வீட்டுப் பெண்கள் வேண்டும். இத்தனையும் செய்து முடித்தபின் விலை கிடைக்கிற சந்தையும் வேண்டும். கள்ளுக்கு அன்றன்றைக்கே காசு. வெல்லத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

சுண்ணாம்பின் அளவும் ஒரு தலைவலி. அதிகமானால் வெல்லம் கெடும். குறைந்தால் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். காலையில் உரிமம் பெற்ற தொழிலாளியாக மரம் ஏறியவர், சுண்ணாம்பு போதாத காரணத்தால் மத்தியானம் குற்றவாளியாக இறங்கக்கூடும். யோசித்துப் பாருங்கள். சட்டம் தடுக்க நினைத்தது ஈஸ்ட்டை. ஆனால் ஈஸ்ட்டுக்கு விலங்கு மாட்ட முடியாது, மனிதனுக்குத்தான் மாட்ட முடியும்.

பட்ஜெட்டில் விழுந்த ஓட்டை

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1938ல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், அடுத்த ஆண்டு வட ஆற்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தது. ஒவ்வொரு மாவட்டம் சேரும்போதும் அப்காரி வருமானம் குறைந்தது. அந்த ஓட்டையை அடைக்க 1939ல் மதராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் எல்லாப் பொருள்களுக்குமான முதல் பொது விற்பனை வரி இதுதான். விற்றுமுதல் ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. பெரிய வியாபாரிகளுக்கு விற்றுமுதலில் அரை சதவீதம். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் வரி என்பதால் வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள்.

இதில் இருந்த நியாயம் எளிமையானது. குடிக்கிற ஏழையிடமிருந்து எடுத்த பணத்தை இனிமேல் வாங்குகிற எல்லோரிடமிருந்தும் எடுப்பது. காகிதத்தில் அழகான கணக்கு.

1939 கடைசியில் ராஜாஜி அரசு பதவி விலகியது. போர்க்காலத்தில், ஆளுநர் ஆட்சியின்போது, மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கடைகள் திறந்தன, அப்காரி வருமானம் திரும்பியது. விற்பனை வரி மட்டும் போகவில்லை! மதுவிலக்குக்காக வந்த வரி, மதுவிலக்கு போன பிறகும் உட்கார்ந்துகொண்டது. மற்ற மாகாணங்களும் அதைப் பார்த்துத் தங்கள் சட்டங்களை எழுதிக்கொண்டன. 1959ல் புதுச் சட்டம், 2007ல் வாட், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி என்று அது வேஷம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜிஎஸ்டிக்காக அரசியலமைப்பைத் திருத்தியபோது மனிதர்கள் அருந்தும் மதுவை மட்டும் அதற்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மாநிலங்கள் அந்த வருமானத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மதுவை ஒழிக்கப் பிறந்த வரியின் பேரப்பிள்ளை மதுவைத் தொடுவதே இல்லை!

மூடிய கடையும் திறந்த கடையும்

1946ல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும். 1971ல் அது தளர்த்தப்பட்டது. 1973ல் கள்ளுக்கடைகளும் அடுத்த ஆண்டு சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981ல் இரண்டும் மறுபடி திறந்தன. 1987ல் இரண்டையும் மறுபடி மூடினார்கள். அதற்குப் பிறகு கள்ளுக்கடை தமிழ்நாட்டில் திறக்கவே இல்லை. இடையில், 1983ல், டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். 2023-24ல் அரசுக்கு அதன் மூலம் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது.

அப்படியானால் ஈஸ்ட் ஒழிந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியிருக்கிறது. டாஸ்மாக் விற்கும் பிராந்திக்கும் ரம்முக்கும் மூலம் பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு. அதைத் தின்று ஆல்கஹால் தருவதும் ஈஸ்ட்தான். பனைமரத்தின் கலயத்தில் வேலை செய்தால் குற்றவாளி, ஆலையின் எஃகுத் தொட்டியில் வேலை செய்தால் அரசாங்கத்துக்கு வருமானம். கள்ளில் ஆல்கஹால் பொதுவாக நூற்றுக்கு நான்கைந்து பங்கு. பிராந்தியில் நாற்பதுக்கும் மேல். மெலிந்தது சட்டவிரோதம், கடுமையானது கவுண்டரில் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் கள் இயக்கத்தினர் பல வருடமாகக் கேட்டுவருவது இந்த முரணைப் பற்றித்தான். பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது.

ஊறலும் விஷமும்

மதுவிலக்கு இன்னொரு வகை வீட்டுத் தயாரிப்பையும் வளர்த்துவிட்டது. வெல்லத்தையும் மரப்பட்டையையும் பானையில் போட்டு மண்ணுக்குள் புதைத்து ஊறல் போடுவது, பிறகு காய்ச்சி வடிப்பது. கல்வராயன் மலைப் பக்கம் போலீஸ் ஊறலைக் கொட்டி அழித்த செய்தி பேப்பரில் வராத வருடம் கிடையாது. ஒளித்துச் செய்யும் தொழிலில் சுத்தத்தையோ அளவையோ பார்க்க ஆள் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது ஈஸ்ட் இல்லை. அது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் விஷம். பனஞ்சாறோ தானியமோ நொதிக்கும்போது அது ஆளைக் கொல்லும் அளவுக்கு வருவதில்லை. காய்ச்சும் சிரமம்கூட இல்லாமல் லாபம் பார்க்க நினைப்பவர்கள் கலப்பது அது. பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மதுவிலக்கு முதலில் பிறந்த ஊருக்கே!

கலயத்துக்கு வெளியே

அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும் வீட்டில் பீர் தயாரிப்பது அங்கே சட்டப்படி குற்றமாகவே நீடித்தது. 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை மாற்றியது. பிரிட்டனில் 1963ல் லைசென்ஸ் தேவை நீங்கியது. இரண்டு நாடுகளிலும் வரி இல்லாமல் வீட்டுத் தேவைக்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. ஈஸ்ட் வளர்ப்பதும் வெப்பநிலை பார்ப்பதும் அங்கே பொழுதுபோக்கு.

இங்கே நிலைமை வேறு. 1937ல் சேலத்தை மனதில் வைத்து எழுதிய அதே சட்டம்தான் இன்றைக்கும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 என்ற பெயரில் நடப்பில் இருக்கிறது. கடைகள் திறந்தாலும் மூடினாலும் அது போகவில்லை. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரித்தாலும், தோட்டத்தில் கள் இறக்கினாலும் இந்தச் சட்டப்படி குற்றம். மாநிலம் முழுவதும் அரசு மதுக்கடை நடத்துவதும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான்!

2017ல், சேலம் மாவட்டத்திலிருந்தே வந்த எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது, தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதி வந்தது. நொதிக்காமல் பாதுகாக்க வேண்டும், உரிமம் வாங்க வேண்டும். ராஜாஜி காலத்துத் தெளுவு நிபந்தனையின் புதுப் பதிப்பு அது. எண்பது வருடம் கழித்தும் அரசாங்கம் பயப்படுவது அதே ஒற்றைச் செல் பூஞ்சைக்குத்தான்.

ராஜாஜியின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. குடியால் அழிந்த குடும்பங்களை அவர் கண்ணால் பார்த்தவர். ஆனால் அவர் போட்ட கோட்டில் இரண்டு பக்கம் இருந்தன. ஒரு பக்கம் குடிப்பவன், இன்னொரு பக்கம் இறக்குபவன். குடிப்பவனுக்குப் பிறகு கடை திறந்துவிட்டார்கள். இறக்குபவனுக்குத் திறக்கவில்லை. பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். அதில் ஏறத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துவருகிறார்கள். சுண்ணாம்பு தடவிய கலயமோ தடவாத கலயமோ, அதைக் கட்டுவதற்கு மரத்தின் மேல் ஒரு ஆள் வேண்டும். சட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று விவாதிப்பவர்கள் அந்த ஆளிடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.